ஆகஸ்டில் யார் கடை அடைப்பது?

ஒத்தாவியோ ஏணியில் நின்று, ஷட்டரில் ஒட்டியிருந்த ‘விடுமுறை’ அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். சதுக்கத்தின் கோடியில் கார் நின்றது. இறங்கியவள், வியாபாரிகள் கூட்டுச் சேர்வதைத் தடுக்கும் போட்டிக் கண்காணிப்பு ஆணையத்தின் அதிகாரி.

“எர்சீலியா! வந்துட்டாங்க! அடுப்பைப் பத்த வை!”

“மாவே பிசையலை. அடுப்பைப் பத்த வச்சு உன்னையா சுடுறது?” உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

அபராதம் விழுந்தால் பேக்கரி காலி. அது ஒன்றுதான் அவனுக்குப் புரிந்தது. மற்றதெல்லாம் குழப்பம்.

ஊரில் இரண்டே பேக்கரி. ஆகஸ்ட் முதல் பாதியில் எதிர்க்கடை நஸ்ஸரேனோ அடைப்பான். அடுத்த பாதியில் ஒத்தாவியோ. ஊருக்கு ரொட்டி இல்லாமல் போகக்கூடாதென்று ஒரு காலத்தில் நகராட்சியே போட்ட முறை. மீறித் திறந்ததற்கு ஒத்தாவியோவின் அப்பா அபராதம்கூடக் கட்டியிருக்கிறார். பிறகு சட்டம் மாறியது. அவரவர் இஷ்டம் என்றார்கள். இவர்கள் இருவரும் வருடா வருடம் காப்பி குடித்துக்கொண்டே பழைய முறையைத் தொடர்ந்தார்கள்.

“ரெண்டு பேரும் பேசி வச்சுத்தானே அடைக்கிறீங்க?” என்றாள் அதிகாரி.

“அடைக்கலைன்னா அப்போ அபராதம். அடைச்சா இப்போ அபராதமா? நாங்க என்னதான் மேடம் செய்யணும்?”

“போட்டி போடணும்.”

“கதவு சாத்துறதுலயா?”

“ஒருத்தர் அடைச்சதும் இன்னொருத்தர் ரொட்டி விலையை ஏத்துறீங்களே, அதுல.”

எதிர்க்கடையிலிருந்து நஸ்ஸரேனோ மாவுக் கையோடு ஓடி வந்தான்.

“டேய், எதையாவது உளறித் தொலைச்சியா?”

“இவர் உளற வேண்டாம்,” என்றாள் அதிகாரி நஸ்ஸரேனோவிடம். “அபராதம் உங்களுக்கு மட்டும்தான். இவருக்கு இல்லை.”

“செஞ்சது ரெண்டு பேருமாச்சே!” இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“முதல்ல வந்து ஒப்புக்கிட்டவங்களுக்கு மன்னிப்பு உண்டு. இவங்க கடை சார்பா மே மாசமே வந்து சொல்லியாச்சு.”

“துரோகி!”

“சத்தியமா நான் இல்லடா!”

சட்டென்று ஒத்தாவியோவுக்கு உறைத்தது. கடையில் பாதி எர்சீலியா பெயரில்.

திரும்பினான். வாசலில் அவள் வைக்கோல் தொப்பியோடு நின்றாள்.

“ஆகஸ்ட் பதினஞ்சு திருநாளுக்கு ஊரே கடல்ல குளிக்குது. கல்யாணமானதிலேர்ந்து நான் மட்டும் அடுப்படியில. நம்ம முறை வந்தா மழை. முதல் பாதியை நமக்குக் கேளுன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? நீ அவனோட காப்பி குடிச்சிட்டு வந்தே.” தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். “போய்ச் சொன்னது நான்தான்.”