ஏழு ஒன்றுகள்

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்ததுமே புஷ்பலதா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

அப்பா பூப்பல்லக்கில் ஏறிவிட்டார். எண்பது தாண்டியவர், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கல்யாணச் சாவு. பறை முழங்க, பேரன்மார் பாதித் தெருவை அடைத்துக்கொண்டு ஆடினார்கள்.

"நானும் ஆடணும். அவருகிட்ட பந்தயம் கட்டித் தோத்தவ நானு," என்றாள் அம்மா.

பெரணமல்லூரிலிருந்து வந்திருந்த அப்பாவின் தங்கை அம்மணி பதறினாள். "இன்னா அண்ணி இது! புருசன் சாவுல பொண்டாட்டி ஆடுவாளா? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்."

பந்தயம் ஆரணிக்கே தெரியும். அப்பா, பட்டுக்கடை தணிகாசலத்துக்கு எண் என்றால் பைத்தியம். சேலை எடுக்க வருகிறவர்களின் செல் நம்பரைக்கூட விடமாட்டார். இது ஒன்பதால் வகுபடும், இது முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே என்று அதற்கு ஜாதகம் சொல்வார். ஒருநாள் 1111111-ஐப் பிடித்துக்கொண்டார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் அது என்றார். அம்மா காசியம்மாள் இல்லை என்றாள். தோற்றவர் ஜெயித்தவரின் சாவில் ஆட வேண்டும் என்பது பந்தயம். செல்லில் பார்க்கக் கூடாது. அப்பா கையாலேயே வகுத்து வகுத்து இருநூறு வரை போனார். எல்லாவற்றிலும் மீதி வந்தது. "அவ்ளோதான், நான் ஜெயிச்சிட்டேன்" என்று தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்துவிட்டார். அம்மாவே ஒத்துக்கொண்ட பிறகு வேறு யார் சரிபார்ப்பார்கள்?

புஷ்பலதா செல்லை எடுத்தாள். தட்டிய வேகத்தில் விடை வந்தது: 239 × 4649. அப்பா இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம்!

அம்மாவைக் கதவுக்குப் பின்னால் இழுத்தாள். "எம்மா, இருநூத்தி முப்பத்தொம்போதால வகுபடுது! அப்பாதான் தோத்தாரு. நீ ஆடவே வேணாம்!"

அம்மா வாசல் பக்கம் அவசரமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா பேசுடி. அவரு காதுல விழப்போவுது."

"உனக்குத் தெரியுமா?"

"ஜாங்கிரி குடுத்த மறுநாளே நானும் வகுத்துப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"அன்னைக்கு அவரு மூஞ்ச நீ பாத்திருக்கணும்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். "இத்த புடி. ஆடறப்ப விழுந்து ஒடஞ்சிடும்."

காசியம்மாள் கூட்டத்துக்குள் போனாள். பறைக்காரர்கள் ஒரு கணம் தயங்கினார்கள். பல்லக்குக்கு நேரெதிரே நின்று அவள் கையைத் தூக்கியதும் அடி இரட்டிப்பாக விழுந்தது. அவளுடைய முதல் காலடி தாளம் தப்பியது. அடுத்தது தப்பவில்லை. புஷ்பலதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"செல்லுல இன்னாடி பாத்துகினு இருந்த?" என்றாள் அத்தை.

"அப்பா கணக்கு சரியான்னு பாத்தேன் அத்த."

"சரியா?"

"சரிதான்," என்ற புஷ்பலதா, கண்ணாடியை அத்தை கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றி, அம்மாவோடு ஆடப் போனாள்.