என் முகத்தைப் படித்த கை

என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்தபோது அவர் வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பேச்சு தப்பித்தது பெரிய அதிர்ஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். கூட வாழ்கிறவள் நான்தானே.

கால் சில வாரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சமாதானத்துக்கு வந்தது. மல்லுக்கு நின்றது வலது கைதான். நீட்டினால் நீளும், எங்கே போய் நிற்கும் என்பது அதன் இஷ்டம். டம்ளரை எடுக்கப் போய் உப்பு டப்பாவைத் தட்டிவிட்டுத் திரும்பும். அவருக்கோ தொழில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது. நாங்கள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். ஒரே ஒரு கார்தான். அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவரிடம் திட்டு வாங்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் லைசென்ஸ் வாங்கியதில்லை. "கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு" என்று அவர் போடுகிற சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரர்களும் பதறிப்போய்க் கண்ணாடியைப் பார்ப்பார்கள்.

நரம்பு டாக்டர் கறாரான ஆள். ஆஸ்பத்திரியில் வண்டி ஓட்டிப் பார்க்கிற பரிசோதகர் ஒருவர் இருக்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் இவர் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடலாம் என்றுவிட்டார். அதுவரை என் தம்பி பாடம் நடத்தினான். அவன் யாரையும் திட்டமாட்டான். வருகிறவர்களுக்கெல்லாம் அவனைப் பிடித்துப்போனது. அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கார் தெருமுனையில் திரும்பும் சத்தத்தை வைத்தே, "கிளட்ச்சக் கொல்றான் உன் தம்பி" என்று புலம்புவார். புலம்பி முடித்ததும் சமையலறைக்கு வந்து, வெங்காயம் எப்படி நறுக்குவது என்று எனக்குச் சொல்லித்தருவார். அந்த சீட் அவருக்குத் திரும்பக் கிடைக்காவிட்டால் ஒன்று அவர் மனம் ஒடிந்துபோவார், இல்லையென்றால் நான் ஜெயிலுக்குப் போவேன். நிலைமை அப்படி.

அப்போதுதான் அந்த ஆராய்ச்சி வந்து சேர்ந்தது. ஸ்ட்ரோக் வந்தவர்களின் கை மறுபடி எப்படி அசையக் கற்றுக்கொள்கிறது என்று பார்க்கிறார்களாம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி வெளுக்கும் இடத்தைத் தாண்டி, ஒரு நீள அறை. நடுவில் மேஜை, அதன்மேல் இரும்பில் ஒரு கை, அதன் நுனியில் கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டதும் மேலே ஒரு கறுப்புப் பலகையைப் போட்டு மூடிவிடுவார்கள். தன் கை எங்கே இருக்கிறது என்று தனக்கே தெரியாது. எதிரே திரையில் ஒரு பச்சை வட்டம் வரும். கையைக் கொண்டுபோய் அந்த வட்டத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதற்கு ஒரு பேராசிரியர், இரண்டு கம்ப்யூட்டர், இவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கேமரா.

ஆராய்ச்சி செய்கிற பெண் நல்ல பிள்ளை. முதல் நாளே நிறுத்தி நிதானமாக விளக்கினாள்.

"சார், கை சரியான இடத்துக்குப் போச்சா இல்லையான்னு நாங்க சொல்லமாட்டோம்."

"சொல்லாம எப்படிம்மா கத்துக்கறது?"

"அதத்தான் சார் பாக்கறோம். சில பேருக்கு ஒவ்வொரு தடவையும் சொல்றோம். உங்கள மாதிரி சில பேருக்குச் சொல்றதில்ல. யாராவது சொல்லிக்கிட்டே இருந்தா, சொல்ற வரைக்கும்தான் கை கேக்கும்னு ஒரு கருத்து இருக்கு. சொல்லாம விட்டா, தப்பு எங்கன்னு மூளையே கண்டுபிடிக்கப் பழகிடும்."

வாழ்நாள் முழுக்கப் பக்கத்து சீட்டிலிருந்து கத்தியே பிழைத்த மனுஷனிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும். வீடு வரும்வரை பொருமிக்கொண்டே வந்தார். "சம்பளம் வாங்கிட்டு வாயத் தொறக்காத உத்தியோகம். ஊமைக்கோட்டான்." அன்றிலிருந்து அவளுக்கு எங்கள் வீட்டில் ஊமைக்கோட்டான் என்றுதான் பெயர். வெளியே தாழ்வாரத்தில் என்னோடு வாய் ஓயாமல் பேசுவாள், பாவம்.

எனக்கு மூலையில் ஒரு நாற்காலி, இவருக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் ஊமைக்கோட்டானின் கம்ப்யூட்டர் தெரியும். இவர் கை போன வழி அதில் சிவப்புக் கோடாக விழும். இவருக்குத் தெரியாமல் திருப்பி வைத்திருந்தார்கள். முதல் நாள் அந்தக் கோடு, குடித்துவிட்டு வீடு தேடுகிறவன் மாதிரி அலைந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. பேசக்கூடாது என்றால் பேசமாட்டேன், அவ்வளவு கட்டுப்பாடு எனக்கு உண்டு. தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது வாரத்தில் கோடு அடங்க ஆரம்பித்தது. மூன்றாவது வாரத்தில் வட்டத்துக்குள் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தது. சொல்லாத கூட்டத்தில் இவ்வளவு வேகமாக யாரும் தேறவில்லை என்று ஊமைக்கோட்டான் தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இவரிடம் ஒரு விசேஷம் கண்டுபிடித்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் கையை நிறுத்தியதும் தலையைத் தூக்கி மேலே பார்க்கிறார். திரைக்கு மேலே, பக்கத்து அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடி இருந்தது. அந்த அறையில் எப்போதும் விளக்கு எரியாது.

"ஏன் சார் மேல பாக்கறீங்க?"

"யோசிக்கறேன்மா."

பேராசிரியர் இதைப் பார்க்கவே நேரில் வந்தார். கைகட்டி நின்று ஒரு மணி நேரம் பார்த்தார். மூளை தன் தப்பைத் தானே எடைபோடும் தருணம் இதுதான் என்றும், அந்த எடைபோடும் வேலைக்காகத்தான் பார்வை ஒதுங்கி மேலே போகிறது என்றும் சொன்னார். இதை ஒரு கட்டுரையாக எழுதலாம் என்று அந்தப் பெண்ணிடம் முணுமுணுத்தார். என் வீட்டுக்காரர் யோசிக்கிறார் என்று இன்னொருவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

கடைசியில் ஆராய்ச்சியின் சோதனை நாள் வந்தது. சோதிக்கிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டுமாம், கூட வந்தவர்கள் உள்ளே இருக்கக் கூடாதாம். நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, தம்பிக்குப் போன் போட்டு, அடுத்த மாதத்திலிருந்து நீ வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. இவர் வெளுத்துப்போய் வந்தார்.

"என்னங்க?"

"கை எங்க போச்சுன்னே தெரியல."

கோடு முதல் நாள் அலைந்த மாதிரியே அலைந்திருந்தது. பேராசிரியர் இயந்திரம் பழுதா என்று கழற்றிப் பார்த்தார். ஊமைக்கோட்டான்தான் கேமராப் பதிவுகளைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். மறுநாள் எங்கள் இருவரையும் வரச்சொல்லி, ஒரு பதிவை ஓடவிட்டாள்.

திரையில் இவர் முதுகு தெரிந்தது. முதுகுக்கு மேலே அந்த இருட்டுக் கண்ணாடி. கண்ணாடிக்குள் ஒரு பொம்பளை. கோடு இடப்பக்கம் விலகினால் அவள் உதடு இடப்பக்கம் கோணுகிறது. வலப்பக்கம் போனால் புருவம் வலப்பக்கம் ஏறுகிறது. வட்டத்துக்குக் கிட்டே வந்தால் மூச்சைப் பிடிக்கிறாள். உள்ளே விழுந்தால் மொத்த முகமும் மலர்கிறது. ஒரு வார்த்தை பேசவில்லை, அதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு முழுநீளப் படத்துக்குத் தேவையான நடிப்பு அந்த மூஞ்சியில் இருந்தது. அது என் மூஞ்சி என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆன்ட்டி, சாரோட கை எதையும் கத்துக்கல. உங்க முகத்தப் படிக்கத்தான் கத்துக்கிச்சு" என்றாள். குரல் உடைந்திருந்தது.

இவர் அசரவில்லை. "கண்ணாடின்னு ஒண்ணு எதிர்ல இருந்தா பாப்பேன். பாக்காதவன் டிரைவரே இல்ல. இவ மூஞ்சிய யாரு அப்படி வச்சுக்கச் சொன்னது?"

ஓரமாக நின்ற பேராசிரியர் தன் கட்டுரையை மனதுக்குள் கிழித்துக்கொண்டிருந்தார் போல. வெளியே போய்விட்டார்.

இவரை ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது போகட்டும். பரிசோதகரிடம் வண்டி ஓட்டிக்காட்ட ஒரு மாதம்தான் இருந்தது. அன்று ராத்திரி இவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, வெங்காயத்தைப் பற்றியும் கருத்து இல்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது அப்போதுதான்.

ஊமைக்கோட்டானுக்கு மனசு பெரிசு. கணக்கில் வராவிட்டாலும் பரவாயில்லை, இயந்திரம் சும்மா இருக்கிற நேரத்தில் வந்து பழகட்டும் என்று பேராசிரியரிடம் கேட்டு வாங்கினாள். கண்ணாடிமேல் பழுப்புக் காகிதம் ஒட்டினாள். என்னைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். போகும்போது ஒன்று சொன்னாள். "வீட்லயும் முகத்தக் காட்டாதீங்க ஆன்ட்டி. அவர் டம்ளர் எடுத்தாலும் சரி, சட்டை பட்டன் போட்டாலும் சரி, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கணும்."

சொல்வது சுலபம். சொந்த வீட்டில் சொந்தப் புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? சாப்பிடும்போது சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். அவர் சட்டை போடும்போது பீரோவைப் பார்த்து நின்றேன். பின்னால் ஏதாவது உருண்டால், விழுந்தால், என் கழுத்து தானாகத் திரும்பும், பிடித்து நிறுத்துவேன். அவருக்கு அது பொறுக்கவில்லை.

"நான் என்ன பொம்மையவா கட்டிக்கிட்டேன்? பொழச்சிருக்கானா இல்லையான்னு திரும்பிப் பாக்க மாட்டியா?"

"திரும்பிப் பாத்ததாலதான் இந்த லட்சணம். படம் போட்டே காட்டினாங்களே."

"கை எங்க போகுதுன்னு தெரியலடி." இதைச் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. "உன் மூஞ்சி இல்லன்னா இருட்டுல ஓட்டற மாதிரி இருக்கு."

அப்போதும் நான் திரும்பவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம் எது என்று யாராவது கேட்டால், பிள்ளை பெற்றதைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

ஒரு நாள் காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மேஜையில் அவர் டீ ஊற்றிக்கொள்கிற சத்தம். பிறகு தரையில் சொட்டும் சத்தம். வழக்கமாக அடுத்து என்னைத் திட்டுவார். அன்று திட்டவில்லை. "சீக்கிரம் சாச்சிட்டேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, டம்ளரிடம் சொன்னார். மறுபடி ஊற்றினார். சொட்டவில்லை. நான் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

ஓட்டிக்காட்டும் நாளன்று பரிசோதகர் வந்தார். ஒல்லியான அம்மா. முகம் ஷட்டர் இறக்கிய கடை மாதிரி. உள்ளே சரக்கு இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இவர் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தார். அந்தம்மா பக்கத்தில், இவர் சீட்டில். எனக்கு வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு. கார் கேட்டைத் தாண்டிப் போய் மறைந்தது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் ஒரு சுற்று கூப்பிட்டு முடித்தேன்.

கார் திரும்பி வந்து நின்றது. அந்தம்மா இறங்கி, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுதுவதற்கு உள்ளே போய்விட்டார். இவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

"வாயவே தொறக்கல. மூஞ்சிலயும் ஒண்ணும் இல்ல."

போச்சு என்று நினைத்தேன். இனி ஜன்னலோரமும் புலம்பலும்தான் கடைசிவரை.

"ரவுண்டானால அகலமா எடுத்துட்டேன்" என்றார் நிதானமாக. "கை லேட்டாத் திரும்பிச்சு. அடுத்த திருப்பத்துல முன்னாடியே திருப்பிட்டேன், சரியா உக்காந்துடுச்சு. மத்தபடி கொறையில்ல. எழுதிக் குடுத்துடுவாங்க."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தெரியுது."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. தெருவில் யாரோ ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தம்மா காகிதத்தோடு வந்தார். ஓட்டலாம், கற்றுக்கொடுக்கவும் செய்யலாம் என்று எழுதியிருந்தது. கீழே ஒரு வரி: ரவுண்டானாவில் அகலமான திருப்பம், அடுத்ததில் தானே திருத்திக்கொண்டார். இவர் படித்துவிட்டு, எனக்குத் தெரிந்ததுதானே என்கிற மாதிரி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், வலது கையால்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான், ஆனால் முழுக்கச் சந்தோஷம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு வேலையில் இருந்திருக்கிறேன், இருந்தது எனக்கே தெரியாது. தெரிந்த ஒரு மாதத்துக்குள் என்னை அதிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அதுவும் என் கையாலேயே.

"எதுக்கு அழற?" என்றார்.

"உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே. படிங்க."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, புருவம், உதடு என்று ஒவ்வொன்றாக, ரொம்ப நேரம் பார்த்தார்.

"பசிக்குதா?" என்றார்.