எல்லைக்கோட்டு மச்சான்

என் மனைவி நஜாத் மொராக்கோவின் உஜ்தா பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் பாடம் நடத்துகிறாள். அதில் அவளுடைய பிரிவுக்குக் கட்டுமானவாதம் என்று பெயர். நாடுகளுக்கிடையே பகையும் நட்பும் தானாக முளைப்பதில்லை, ஒருவரையொருவர் யாராக நினைக்கிறார்களோ அதிலிருந்துதான் எல்லாம் உருவாகிறது என்பாள். "கட்டுமானம்னா சிமெண்ட் வேணாமா?" என்று கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்து வருகிறேன். நான் டயர் கடைக்காரன். காற்று இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. எனக்குத் தெரிந்த தத்துவம் அவ்வளவுதான்.

போன கோடையில் சயீதியா கடற்கரைக்குப் போயிருந்தோம். பொரித்த மத்தி மீனை ஒரு பிடி பிடித்துவிட்டு, கடையிலிருந்து கொண்டுபோன லாரி ட்யூபில் மிதந்தபடியே தூங்கிப்போனேன். மேற்குக் காற்று என்னை நைசாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. கண் விழித்தபோது எல்லையாக இருக்கும் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டி அல்ஜீரியாவின் கரையோரம் கிடந்தேன். இரு நாட்டுப் பகையில் எல்லையைப் பூட்டி எத்தனையோ காலமாகிறது. பாறைமேல் நின்ற சிப்பாய் என் தொப்பைக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டினான்.

"அசையாதே! யார்டா நீ? கடத்தல்காரனா?"

கையைத் தூக்கினால் ட்யூப் கவிழும், தூக்காவிட்டால் சுடுவான். அவன் என்னை என்னவாக நினைக்கிறானோ, அந்த நிமிஷம் நான் அதுதான். இத்தனை நாள் கேலி செய்த பாடம் அப்போதுதான் உறைத்தது.

கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் கரையில் நஜாத் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"தம்பி! சுட்றாதப்பா! அவரு என் வீட்டுக்காரரு! உனக்கு மச்சான் முறை!"

சிப்பாய் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இந்தத் தொப்பையாக்கா எனக்கு மச்சான்?"

"என்ன பண்றது தம்பி, எங்கப்பா பார்த்துக் கட்டிவச்சாரு!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கி, ட்யூபை எங்கள் கரைப் பக்கமாகத் தள்ளினான்.

"காலை ஆட்டுங்க மச்சான். ரவை மூட்டை மாதிரி கிடக்காதீங்க."

அதே துப்பாக்கிதான் என் காதோரம் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது எனக்குப் பயமாக இல்லை.

கரையேறியதும் நஜாத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். போன உயிர் திரும்பி வந்துவிட்டது, அப்புறம் வெட்கமென்ன?

"உன் கட்டுமானவாதம் காப்பாத்திடுச்சும்மா."

"மண்ணாங்கட்டி!" அவள் என் முதுகில் ஓர் அடி வைத்தாள். "ஒரே வார்த்தையில பகை போயிடும்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. பயத்துல வாய்க்கு வந்ததைக் கத்தினேன். அவன் சிரிக்காம இருந்திருந்தா?"

திரும்பிப் பார்த்தோம். சிப்பாய் மறுபடி பாறைமேல் விறைப்பாக நின்றான். அவனுடைய அதிகாரி மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்.

"யாருய்யா அது? யார்கூட பேசிட்டிருந்தே?"

காற்றில் எங்களுக்கும் தெளிவாகக் கேட்டது. சிப்பாய் கொஞ்சம் தயங்கினான்.

"ஒண்ணுமில்ல சார். எங்க அக்கா வீட்டுக்காரரு."

அதுவரை அழாமல் நின்ற நஜாத், அதைக் கேட்டதும் மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.