மேல் விளிம்பு

“கல்லு கரையுமா அத்தா?” என்று ஆறு வயதில் மகள் மெஹக் கேட்டாள். சாதுல்லா சிரிக்காமல் பதில் சொன்னார்: “கல்லு கரையாது கண்ணு. மேல கீற மண்ணுதான் கரையும். மண்ணு பூட்ச்சின்னா கல்லு எத்த புட்ச்சிகினு நிக்கும்? கீழ வந்துரும்.”

அந்தச் சாதுல்லாவின் உடல்மீதுதான் இப்போது தம்பி அஜ்மல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். விடியற்காலைத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது அண்ணன் எழவில்லை. பாரிவாக்கம் வீட்டின் பின்புறம் துணித் தடுப்பு கட்டியிருந்தார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“மெல்ல ஊத்துப்பா. அவருக்கு இனிமே இன்னா அவசரம்?” என்றார் பள்ளிவாசல் மோதினார்.

வலது கையைக் கழுவும்போது நகத்தடியில் ஒரு தேங்காய் நார் தெரிந்தது. அஜ்மல் அதை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. மோதினாரே எடுத்தார்.

மலைச்சாலை ஓரங்களில் கயிற்றில் தொங்கி, செங்குத்துப் பாறைகளின்மேல் நார்ப்பாய் விரித்துக் கம்பி வலை கட்டுவது அண்ணன் தம்பி இருவருக்கும் பிழைப்பு. வேலையில் மீந்த பாய்களைக் கேட்டு வாங்கிவந்து, பழைய கல்குவாரிச் சரிவுக்குக் கீழே தனியாக இருக்கும் ஞானம்மாளின் வீட்டுக்காக அந்தச் சரிவில் விரித்தார் சாதுல்லா. கூலி கேட்கவில்லை. பாயின் மேல் விளிம்பைச் சாணாழம் பள்ளம் வெட்டிப் புதைக்க வேண்டும். புதைக்காவிட்டால் தண்ணீர் பாய்க்கு அடியில் புகுந்து, மண்ணையும் உதிரிக்கல்லையும் வழித்துக்கொண்டு இறங்கிவிடும்.

நேற்று மதியம் அண்ணன் நெஞ்சைத் தடவியபடி, மேல் விளிம்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு இறங்கினார். அஜ்மலுக்குச் சென்னீர்குப்பத்தில் நண்பன் கல்யாண விருந்து. அஜ்மல் விளிம்பின்மேல் நாலு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

“மேல பொதச்சிட்டியாடா?” என்று இரவு படுக்கப்போகும்போது அண்ணன் கேட்டார்.

“ஆச்சுண்ணே.”

“அப்ப அந்தம்மா நிம்மதியா தூங்கும்.” திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஞானம்மாள்தான் தூக்கில் டீ கொண்டுவந்தாள். அண்ணி ஜரினாவை இரண்டு வாய் குடிக்க வைத்துவிட்டு அவனிடம் வந்தாள்.

“குடி தம்பி. காலைலருந்து ஒண்ணும் துன்னிருக்க மாட்ட.”

“யக்கா, மழ வர்ற மாரி கீது. இன்னிக்கு அண்ணிகூடவே இரேன்.”

“இருப்பேன், பொழுதோட கோழிய அடைக்கப் போவணும். போன வருசம்லாம் தூத்தல் போட்டாலே பாயச் சுருட்டிகினு ரோட்டுக்கு ஓடுவேன். இப்ப இன்னா பயம்? ஒங்கண்ணன்தான் வேல முடிச்சிட்டாரே!”

அஜ்மல் டீயைக் கீழே வைத்தான்.

பள்ளிவாசலில், தொழுகைக்கு வரிசை நின்றதும் இமாம் அஜ்மலை அழைத்தார். இறந்தவரின் கடனை வீட்டார் ஏற்பதாக எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். சாதுல்லாவுக்கு ஆண்பிள்ளை இல்லை.

“எங்கண்ணன் யாருக்காச்சும் பாக்கி வெச்சிருந்தா எங்கைல சொல்லுங்க. நான் தீக்கிறேன்.”

“அவரா? நாமதான்பா அவருக்குப் பாக்கி” என்றது வரிசையில் ஒரு குரல்.

செய்யாததைச் செய்ததாகச் சொன்ன சொல்லும் கடன்தான். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். அஜ்மல் வரிசைக்குத் திரும்பினான். ‘அல்லாஹு அக்பர்’ என்று கை கட்டினான்.

மூன்று கைப்பிடி மண் போடும்போதே முதல் தூறல் விழுந்தது.

அடக்கம் முடிந்து கபரஸ்தானிலிருந்து அவன் வீட்டுக்குப் போகவில்லை. கடப்பாரையும் கம்பிக் கொக்கிகளும் எடுத்துக்கொண்டு சரிவின் பின்பக்கமாக ஏறினான். வைத்த கற்களில் இரண்டு உருண்டு போயிருந்தன. விளிம்பு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. “பிஸ்மில்லாஹ்” என்று முதல் குத்துக் குத்தினான். மழை வலுத்தது. பள்ளம் வெட்டி, பாயை மடித்து உள்ளே இறக்கி, கொக்கி அடித்து, மண்ணைத் தள்ளி மிதித்தான். அண்ணன் மிதிப்பதுபோலவே ஒவ்வோர் அடிக்கும் இரண்டு முறை மிதித்தான்.

கீழே ஞானம்மாள் முக்காடு போட்டபடி கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தாள். அஜ்மல் ஈரப்பாயில் குப்புறப் படுத்து, மூச்சு வாங்கியபடி பார்த்தான். சரிவிலிருந்து முற்றத்தில் இறங்கிய தண்ணீர் முதலில் செம்மண்ணாக வந்தது. பிறகு தெளிந்தது.

அவள் மேலே பார்க்கவில்லை. காலையில் டீ கொண்டுபோன தூக்கை அந்தத் தண்ணீரில் நீட்டிக் கழுவி, படியில் கவிழ்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.