நாலாம் நம்பர் வீட்டுப் பிரதிவாதி

மாட்டுத் தரகர் வெயில்முத்துவின் வலதுகை ஆள்காட்டி விரலை, ஒரே ஒரு சந்தைக்கு என்று கேட்டு வாங்கிப் போன கூட்டாளி சங்கரலிங்கம் திருப்பித் தரவே இல்லை. இரவல் போன பொருள் தானாக நடந்து வரும் என்று நம்புகிற ஆள் இல்லை வெயில்முத்து. ஆனாலும் கொடுத்துவிட்டார். கேட்டவன் முகம் அப்படி இருந்தது.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. வெயில்முத்து எதைக் காட்டினாலும் இப்போது ஒன்று குறைந்தே போய்ச் சேர்ந்தது. இப்படியே போனால் தொழில் படுத்துவிடும். வடக்கூர் கோர்ட்டுக்குப் போனார்.

"பிரதிவாதி எங்க குடியிருக்காரு?" என்றார் குமாஸ்தா அமலோற்பவம்.

"எங்க தெருதாம்மா. பக்கத்து வீடு. அஞ்சாம் நம்பர்."

"அந்த வீட்டுக்கு வாசல்தான் வடக்கூர். அடுப்படி தெற்கூர்ல இருக்கு. ஆளு எங்க குடியிருக்காரோ அந்தக் கோர்ட்டுலதான் வழக்கு. போய்ப் பாத்துட்டு வாங்க."

சங்கரலிங்கத்தின் வீட்டுக் கூடம் வரவர நீண்டுகொண்டு போனதால் உள்ளே மினி பஸ் விட்டிருந்தார்கள்.

"அடுப்படியா, கொல்லையா?" என்றார் கண்டக்டர்.

"சங்கரலிங்கம் எங்கய்யா படுக்கிறான்?"

"கடைசி சீட்டுலதான். கோர்ட்டு சம்மன் வருதுன்னு கேள்விப்பட்டதுலருந்து இறங்குறதே இல்ல. இப்ப எதிர் பஸ்ல போய்க்கிட்டிருக்காரு."

அடுப்படியில் இறங்கித் தெற்கூர் கோர்ட்டுக்குப் போனார். அங்கேயும் அமலோற்பவம்தான் இருந்தார். மூக்குக்கண்ணாடி மட்டும் வேறு.

"பஸ்ல படுக்கிற ஆளுக்கு எந்தக் கோர்ட்டும்மா?"

"எதுவும் கிடையாது. ஒரு இடத்துல உக்காரட்டும், பாப்போம்."

"நீங்களே பாத்து ஒரு வீட்டுல உக்கார வச்சிருங்களேன்."

"எந்த நம்பர் வீடு?"

அமலோற்பவம் பேனாவைத் திறந்தார். வெயில்முத்து வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் முக்கியமான எதையும் அவர் வாழ்நாளில் வாயால் சொன்னதில்லை. துண்டை எடுத்து அந்த அம்மாளின் கைமேல் போட்டு, உள்ளே ஐந்தைக் காட்டினார்.

அமலோற்பவம் நாலு என்று எழுதி முத்திரை குத்தினார்.

நாலாம் நம்பர் வெயில்முத்துவின் வீடு.

அவர் வீடு திரும்பியபோது சங்கரலிங்கம் பாயை விரித்துக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் செம்பையும் கொண்டுவந்திருந்தான்.

"கோர்ட்டு உத்தரவுண்ணே. நான் என்ன செய்ய?"

"அது கிடக்கட்டும். விரலைக் கொடு."

சங்கரலிங்கம் தலையைக் குனிந்தபடி கையை நீட்டினான். வெயில்முத்து பழக்கதோஷத்தில் துண்டால் மூடினார். உள்ளே அவருடைய விரல் அவரை அடையாளம் கண்டு, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டியது. பிடித்து இழுத்தார். வரவில்லை.

"உன் விரல் எங்கடா?"

"எங்கிட்ட ஒருத்தன் இரவல் வாங்குனாண்ணே. அவன் வீட்டுக்குள்ள ரயிலே போகுது."

வெயில்முத்து துண்டை எடுக்காமல் யோசித்தார். பிரதிவாதி ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டான். வடக்கூரிலேயே நாளைக்கு வழக்குப் போடலாம். ஜெயிப்பது உறுதி.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இல்லண்ணே."

"உக்காரு. எந்தூர் சாப்பாடுன்னு கேக்காத."

அடுத்த சந்தையில் துண்டுக்குள் இரண்டு பேர் கைகளும் சேர்ந்து போயின. எது யாருடைய விரல் என்று வியாபாரி கேட்கவில்லை. விலை ஒன்றுகூடக் குறையாமல் படிந்தது.

வீட்டுக்கு வந்தபோது நாலாம் நம்பர் கூடமும் நீண்டிருந்தது. வாசற்படிக்கு உட்புறம் மினி பஸ் நின்றது.

வெயில்முத்து கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் என்று விரலைக் காட்டினார். கண்டக்டர் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்.

ஒரு டிக்கெட்டிலேயே இருவரும் ஏறிக்கொண்டார்கள்.