ஒண்டுக்குடி டோவி

கனடாக்காரனின் பல்வரிசை எஃபி ஸ்லேட்டருக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை. அறுபதை நெருங்கும் ஆளுக்கு அத்தனை பல் எதற்கு, அதுவும் அத்தனை வெள்ளையாக? வாசலில் நின்று தொப்பியைக் கழற்றி, "நான் வெண்டல் ஸ்லேட்டர். உங்க கொள்ளுப்பாட்டி எல்ஸ்பெட்தான் எனக்கும் கொள்ளுப்பாட்டி" என்று சிரித்தபோதே, இவன் எதையோ எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டுவிட்டது. காலமெல்லாம் மீன்கடையில் நின்றவள் அவள். வாங்க வந்தவன் யார், சும்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிறவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

உள்ளே விட்டாள். மழையில் நிற்கவைக்க முடியாதே. தேநீர் கொடுத்தாள். நல்ல வெண்ணெய் பிஸ்கட் டப்பாவை மட்டும் திறக்கவில்லை. கடையில் வாங்கிய நமுத்துப்போனதை எடுத்து வைத்தாள். அவன் அதையும் ஆகா ஓகோ என்று தின்றான். அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

இரண்டாவது கோப்பையில்தான் விஷயத்துக்கு வந்தான்.

"எங்கப்பா இந்தக் குளிர்காலத்துல தவறிட்டாரு. அவரோட சாம்பலை எல்ஸ்பெட்டோட குழியில வைக்கணும்னு ஆசை. அப்புறம் அந்தக் கல்லுல மேல ஒரு வரி காலியா இருக்கில்ல, அதுல அவரு பேர வெட்டலாமான்னு உங்களைக் கேட்கத்தான்..."

எஃபி கோப்பையைக் கீழே வைத்தாள். "கல்லை ஏற்கனவே பார்த்துட்டீங்களா?"

"காலையில போய் போட்டோ எடுத்தேன்."

அப்படியா சங்கதி! முதலில் கல்லறை, பிறகுதான் உறவு.

அந்தக் கல்லை நட்டவர் எஃபியின் தாத்தா வில்லியம். உச்சியில் ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார். அதற்குக் கீழே, பிறந்த வீட்டுப் பெயரோடு, 'எல்ஸ்பெட் மெயின், அலெக்சாண்டர் ஸ்லேட்டரின் மனைவி.' அதன் பிறகு வில்லியமும் அவர் பெண்டாட்டியும், எஃபியின் அப்பா அம்மா, போன வருடம் போன அவள் தம்பி டாட். டாடின் பெயர் புல்லில் உரசிக்கொண்டிருக்கிறது. இனி இருப்பது உச்சியில் அந்த ஒரு வரிதான். எஃபிக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. செத்த பிறகாவது தன் பெயர் ஓரிடத்தில் நிற்கட்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. கல் கொத்துபவரிடம் பேசியும் வைத்துவிட்டாள். கல்லின் பின்பக்கத்தில் வேண்டிய மட்டும் இடம் இருக்கிறதே என்று அவர் சொல்லிப் பார்த்தார். பின்பக்கம் நகராட்சிக் கழிப்பறைச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த வரியைத்தான் இவன் கேட்கிறான்.

"யோசிக்கணும்" என்றாள். அவன் தலை மறைந்ததும் பக்கத்து வீட்டு ஐனாவிடம் ஓடினாள்.

"யோசிக்க என்னடி இருக்கு? அவன் ஸ்லேட்டரே இல்ல!" என்றாள் எஃபி.

"பாஸ்போர்ட்ல போட்டிருக்குமே" என்றாள் ஐனா, மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே.

"போட்டிருந்தா ஆச்சா? கொள்ளுத்தாத்தா அலெக்சாண்டர் ஓடிப்போனது 1879. இவன் தாத்தா பிறந்தது 1882. நடுவுல வீட்டுல இருந்தது யாரு? அந்த ஒண்டுக்குடி! நீயே கூட்டிக் கழிச்சுப் பாரு."

இது குடும்பத்தில் குரலைத் தாழ்த்திப் பேசும் சங்கதி. அலெக்சாண்டர் ஸ்லேட்டர் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் அம்போவென்று விட்டுவிட்டு ஓடிப்போனான். கொஞ்ச நாளில் எல்ஸ்பெட் வீட்டில் டோவி என்று ஒருவன் ஒண்டுக்குடியாக வந்து சேர்ந்தான். வந்தவன் போகவே இல்லை. செத்த பிறகும் போகவில்லை. கல்லறை அலுவலகப் புத்தகத்தில், எல்ஸ்பெட்டுக்கு முன்பே அதே குழியில், 'அ. டோவி, ஒண்டுக்குடி' என்று இருக்கிறது. இந்த அசிங்கத்துக்குத் தாத்தா எப்படி இடம் கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாராம்.

"ஒரு வரி எழுத்துக்காக, செத்துப்போன மனுஷனைத் தப்பாப் பொறந்தவன்னு நிரூபிக்கப் போறியா?" என்றாள் ஐனா.

"நான் நிரூபிக்கல. காகிதம் நிரூபிக்கும்."

மறுநாள் வெண்டலின் வாடகைக் காரில் ஏறிக்கொண்டாள். பெரிய ஊரில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கு வழிகாட்டுவதாகப் பேச்சு. வழி அவன் போனிலேயே இருந்தது. அவனைத் தனியே விட்டால் வேண்டாத பக்கத்தை மறைத்து வேண்டியதை மட்டும் படமெடுத்துக்கொண்டு வருவான் என்பது அவள் பயம். காப்பகத்துப் பெண் அவனைப் பெயர் சொல்லி வரவேற்றதும் இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பே எழுதிக் கேட்டிருந்தானாம். ஆக, ஆள் பிடித்து வைத்திருக்கிறான்!

1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு திரையில் வந்தது. எஃபி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். குடும்பத் தலைவி எல்ஸ்பெட், திருமணமானவர். பிள்ளைகள் வில்லியம், ஹெலன், ஜேனட். கடைசி வரி: அலெக்ஸ். டோவி, ஒண்டுக்குடி, மீனவர், திருமணமானவர்.

"பார்த்தீங்களா?" என்றாள். குரலில் இனிப்பு வழிந்தது. "அவனுக்கும் எங்கேயோ ஒருத்தி இருந்திருக்கா. கட்டினவளை விட்டுட்டு இங்க வந்து ஒட்டிக்கிட்டான்."

"பேரும் அலெக்ஸ்தான்" என்றான் வெண்டல் மெதுவாக.

"எங்க ஊர்ல கல்லெறிஞ்சா ஒரு அலெக்ஸ் மேலதான் விழும்."

டோவி எங்கே பிறந்தான் என்று தேடினார்கள். எந்தச் சபையின் பிறப்புப் பதிவிலும் அவன் இல்லை. கல்யாணப் பதிவிலும் இல்லை. பத்து வருடம் முந்தைய கணக்கெடுப்பில் நாடு முழுக்க அந்த வயதில் ஒரு அலெக்சாண்டர் டோவி கிடையாது. பெயரை மாற்றிக்கொண்ட கள்ளன் என்று எஃபி முடிவு கட்டினாள். போலீசுக்குப் பயந்து வந்தவனாக இருப்பான். கொலையே செய்திருப்பான். ஒரு கொலைகாரனின் பேரனுக்குத் தன் குடும்பக் கல்லில் இடமா?

திரும்பும் வழியில் வெண்டல் சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"உங்க மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும், மிஸ் ஸ்லேட்டர். எங்க தாத்தாவை இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல 'ஒண்டுக்குடிக் குட்டி'ன்னுதான் கூப்பிட்டாங்களாம். மீசை முளைக்கிறதுக்குள்ள கப்பலேறிட்டாரு. சாகிற நேரத்துலதான் ஊர் பேரையே சொன்னாராம். எங்கப்பாவுக்கு அது ஆறவே இல்ல. இந்த ஊர்க் கல்லுல எங்க பேரு ஒரு தடவையாவது இருக்கணும்பாரு."

எஃபிக்குச் சுருக்கென்றது. உடனே சுதாரித்துக்கொண்டாள். மீன்கடையில் அழுது விலை குறைக்கிறவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள்.

"நாளைக்கு எல்ஸ்பெட் உதவிப் பணம் வாங்கின ஏழை உதவிப் பதிவேடு வருது. அதுல என்ன இருக்கோ அதுதான் முடிவு. சரியா?"

"சரி" என்றான் அவன்.

பதிவேடு தடியாக, ஈர வாடையோடு வந்தது. ஒவ்வொரு ஏழைக்கும் சில பக்கங்கள். ஏழை உதவி இன்ஸ்பெக்டர் வீடு தேடி வந்து, சட்டியைத் திறந்து, அக்கம்பக்கம் கேட்டு எழுதியவை. காப்பகத்துப் பெண் அட்டை செருகி வைத்திருந்த பக்கம் 1882. கையெழுத்தை வெண்டலால் படிக்க முடியவில்லை. எஃபிக்கு அந்தக் கோணல் எழுத்து தண்ணீர் பட்ட பாடு, அவள் அப்பாவும் அப்படித்தான் எழுதுவார். உரக்கப் படித்தாள்.

"'இவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. கணவன் திரும்பவில்லை. தந்தை ஒண்டுக்குடியே என்று சந்தேகம். கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. ஒழுக்கக்கேட்டை முன்னிட்டு உதவி நிறுத்தப்பட்டது.'"

அவ்வளவுதான். கல்லின் உச்சி வரி அவளுடையதாகிவிட்டது. துள்ளிக் குதிக்கத் தோன்ற வேண்டும். எதிரே வெண்டல் அந்த வெள்ளைப் பற்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், திட்டு வாங்கிய பள்ளிப் பையனைப் போல.

"முதல் பக்கத்தையும் பார்த்துடலாமா?" என்றான். "ஓடிப்போனவர் எப்படி ஓடினாருன்னு தெரிஞ்சுக்கலாம். அவரும் பாவம், எனக்கு எந்த உறவுமில்லாம போயிட்டாரு."

தோற்றவனுக்கு இதையாவது செய்வோமே என்று எஃபி பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். 1879. இது வேறொரு இன்ஸ்பெக்டரின் கையெழுத்து, மணி மணியாக இருந்தது.

"'ஜனவரி. விண்ணப்பித்தவர் அலெக்சாண்டர் ஸ்லேட்டர்... மீனவர். புயலில் படகு துறைமுகச் சுவரில் மோதி உடைந்தது. வேலை இல்லை. பிள்ளைகள் பட்டினி. ஆள் திடகாத்திரமானவர், ஆகவே சட்டப்படி உதவி பெறத் தகுதியற்றவர். மறுக்கப்பட்டது. மார்ச். விண்ணப்பித்தவர் மேற்படியாரின் மனைவி. கணவன் ஓடிவிட்டதாகச் சொல்கிறார். அண்டை வீட்டார் அனைவரும் அதையே சொல்கின்றனர். உதவி அளிக்கப்பட்டது.'"

படித்துக்கொண்டே வந்தவள் நின்றாள். ஜனவரி வரிக்கு மறுபடி போனாள். அலெக்சாண்டர் ஸ்லேட்டர் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் இருந்தது. வாசிக்கும்போது அவள் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது, பட்டப்பெயர்தானே என்று.

அவள் ஊரில் பாதிப் பேர் ஸ்லேட்டர்கள். ஒரே தெருவில் அலெக்சாண்டர் ஸ்லேட்டர்கள் வரிசையாக இருப்பார்கள். பட்டப்பெயர் இல்லாவிட்டால் தபால்காரருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். எஃபியே பிஸ்கட் எஃபிதான், தாத்தா பிஸ்கட் வில்லியின் பேத்தி என்பதால். தாத்தாவின் அப்பாவுக்கு என்ன பட்டப்பெயர் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் போனதும் அதுவும் செத்துப்போகும்.

அந்த இன்ஸ்பெக்டர், எந்த ஸ்லேட்டர் என்று குழம்பாமலிருக்க எழுதி வைத்திருந்தார்: 'டோவி'.

வெளியூரிலிருந்து வந்த பிந்தைய இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமல் போகலாம். கணக்கெடுக்க வந்தவருக்குத் தெரியாமல் போகலாம். கனடாக்காரனுக்கும் தெரியாமல் போகலாம். பட்டப்பெயரிலேயே பிறந்து வளர்ந்த பிஸ்கட் எஃபி, டோவியைக் குடும்பப் பெயர் என்று நம்பி நாடெல்லாம் தேடியிருக்கிறாள்.

"என்ன ஆச்சு?" என்றான் வெண்டல்.

"அந்த ஆளு ஓடவே இல்லடா." எப்போது 'டா' வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "எங்கேயும் போகல. உடம்பு நல்லா இருக்கிற புருஷன் வீட்டுல இருந்தா பிள்ளைங்களுக்குச் சோறு கிடையாதுன்னுட்டானுங்க. அதனால ஓடிப்போயிட்டதா சொல்லிட்டு, சொந்த வீட்டுக்கே ஒண்டுக்குடியா வந்திருக்காரு. டோவி அவருதான். அவருதான் என் கொள்ளுத்தாத்தா. உனக்கும் அவருதான்."

வெண்டல் திரையில் பழைய பக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தான். அலெக்ஸ். டோவி, ஒண்டுக்குடி, மீனவர், திருமணமானவர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பொய் சொல்ல மறுத்திருக்கிறார்.

எஃபி அழுதாள். வெட்கப்படாமல் அழுதாள். உண்மையைச் சொன்னால் மோசடிக் குற்றம், ஜெயில். சொல்லாவிட்டால் மகன் முறைதவறிப் பிறந்தவன். அந்த மனிதர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டு, சொந்த மகனை ஊர் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எல்ஸ்பெட் ஒழுக்கம் கெட்டவள் என்ற பெயரை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறாள். அந்தச் 'சந்தேகம்' என்ற சொல்லைப் பார்க்க எஃபிக்குக் கூசியது. தான் இன்ஸ்பெக்டராக இருந்தால் அதையே, இன்னும் அழுத்தி எழுதியிருப்பாள்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட ஐனா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அண்டை வீட்டார்னா எங்க ஆளுங்கதான். தெரு மொத்தமும் தெரிஞ்சே பொய் சொல்லியிருக்கு. அப்புறம் சொல்ல வேண்டியவங்ககிட்டயும் சொல்லாம செத்துப்போயிருக்கு!"

அன்று எஃபி நல்ல பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்.

மறுநாள் இருவரும் கல்லறைக்குப் போனார்கள். கடல்காற்று ஆளைத் தள்ளியது. எஃபி கல்லின் உச்சியில், ஒன்றும் எழுதாத அந்தப் பட்டையைக் கையால் தடவினாள். தாத்தாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அப்பாவின் நிஜப் பெயரை வெட்டினால் அம்மா பொய்க்காரி. ஒண்டுக்குடி என்று வெட்ட மனம் வரவில்லை. புருஷன் பெயர் இருக்க வேண்டிய இடத்தை அப்படியே விட்டுவிட்டார். மற்றவர்களெல்லாம் கீழே கீழே நெருக்கியடித்து இறங்கியிருக்கிறார்கள். எஃபியும் வெண்டலும்தான் முதன்முதலில் அந்த இடத்துக்கு அடித்துக்கொண்டவர்கள்.

"அந்த வரி உங்கப்பாவுக்கு இல்ல, வெண்டல்" என்றாள்.

"தெரியும்."

"எனக்கும் இல்ல."

அவன் மூக்கை உறிஞ்சினான்.

"முழுப் பேரையும் வெட்டச் சொல்றேன். அலெக்சாண்டர் ஸ்லேட்டர், பக்கத்துலயே டோவி. படிக்கிறவனுக்குச் சந்தேகமே வரக்கூடாது."

பிறகு அவள் கல்லைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். பாசி படிந்திருந்தது. கழிப்பறைச் சுவரில் யாரோ காதலியின் பெயரைக் கிறுக்கியிருந்தார்கள். கல்லின் முதுகில் கைக்குட்டையால் ஓரிடத்தைத் துடைத்தாள்.

"இங்க வா, தம்பி. உங்கப்பா பேரை இந்த உயரத்துல வெட்டிக்கலாம். நேர் கீழ எனக்கு ஒரு வரி விடச் சொல்லு."

"உங்களுக்கு இந்தப் பக்கம் பிடிக்காதே?"

"பிடிக்காதுதான். தனியா இந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. சொந்தக்காரங்க யாராவது கூட இருந்தா இருந்துக்குவேன்."