பாக்கியவதி டீச்சரின் வண்டு

காலை ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடத்து மணி அடித்தது. எலியேசர் அதற்காகத்தான் காத்திருந்தார். மணி அடித்தால் மனைவி பாக்கியவதி வகுப்புக்குள் போய்விட்டாள் என்று அர்த்தம்.

பின்வாசல் கதவைச் சத்தமில்லாமல் திறந்தார். இடுப்பு மடிப்பிலிருந்து இசைக்கவையை எடுத்தார். பாடகர் குழுவுக்குச் சுருதி கொடுக்க வைத்திருக்கும், இரண்டு கால் கொண்ட சின்ன இரும்பு. முழங்கால் சிரட்டையில் ஒரு தட்டு. அது பாட ஆரம்பித்ததும் குனிந்து ஒரு கத்தரிப் பூவின் மஞ்சள் மூக்கில் வைத்தார்.

பூ நடுங்கியது. வெளிறிய மஞ்சள் தூள் பொசுக்கென்று உதிர்ந்தது.

அடுத்த பூ.

அறுபது தாண்டியவர். ஆலயப் பாடகர் குழுவின் தலைவர். நூற்றாண்டு விழாப் பராமரிப்புக் கமிட்டியின் செயலாளர். ஆலயத்துக் கண்ணாடி அதிரும் குரல். இப்படிப்பட்டவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தரிச் செடிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டும் நிலைக்கு வந்ததற்கு வேறு யாரும் காரணமில்லை. அவரேதான்.

ஆலயத்தின் தேக்கு உத்தரத்தில், பாடகர் குழு நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, கருவண்டுகள் குடியிருந்தன. விரல் நுழைகிற அளவுக்குத் துளை போட்டு வைத்திருந்தன. மரத்தூள் பாட்டுப் புத்தகத்தில் கொட்டும். அதை எலியேசர் பொறுத்துக்கொண்டார். சத்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. குழு மெல்லப் பாட வேண்டிய இடத்தில் பார்த்து வண்டும் பாடும். அதுவும் அரைச் சுரம் இறக்கி. ஒருமுறை வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய போதகர் ஆராதனை முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார்.

"உங்க குழுவுல ஒருத்தர் மூச்சே விடாமப் பாடுதாரே, யாரு அது?"

அன்றைக்கே எலியேசர் தீர்மானித்துவிட்டார்.

நூற்றாண்டு விழாவுக்கு வெள்ளையடித்தபோது தச்சர் நாறும்பூநாதன் ஏணி போட்டு ஏறினார். வண்டுகள் வெளியே போயிருந்த நேரம் பார்த்துத் துளைகளைப் பசையால் அடைத்தார். வண்டுகள் திரும்பி வந்து கடித்துத் திறந்தன. தகரத் துண்டு வைத்து ஆணி அடித்தார். எலியேசர் அத்தோடு நிற்கவில்லை. ஆலயத்தின் வாய்க்கால் பக்கத்து மண்சுவரில் சின்னச் சின்னப் பொந்துகள். வயிற்றில் நீல வரி போட்ட வண்டுகள் போவதும் வருவதுமாக இருந்தன. சுவருக்குச் சிமெண்ட் பூசினார். சுவரோரம் முளைத்துக் கிடந்த கொழுஞ்சியையும் தும்பையையும் வழித்தெடுத்தார். விழாவில் குழு பாடியபோது ஓர் ஈ கூடப் பறக்கவில்லை. எலியேசருக்குக் கண்ணில் நீர் கோத்தது.

அது பங்குனியில். புரட்டாசியில் ஊரே கத்தரிச் செடியைப் பார்த்து முழித்தது. பூவுக்குக் குறைவில்லை. பூத்தது எல்லாம் மூன்றாம் நாள் காம்போடு உதிர்ந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முத்துமாலை ஓர் ஏக்கர் கத்தரி போட்டிருந்தான். ஏரல் சந்தைக்குக் காய் கொண்டு போகிறவன். ஒரு நாள் மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஒரம் வச்சாச்சு. தண்ணி பாச்சியாச்சு. திருஷ்டிக்குப் பூசணிக்காயும் ஒடச்சாச்சு. காய் பிடிக்க மாட்டேங்கே. நீங்க நாலும் தெரிஞ்சவிய, என்னன்னு சொல்லுங்களேன்."

"காலம் அப்படி, வே" என்றார் எலியேசர்.

கமிட்டியில் இளைஞர்கள் சார்பாக இருந்த ஜெய்சன் விடவில்லை. தேனீ இல்லாததுதான் குறை என்று கண்டுபிடித்து, மார்த்தாண்டம் போய் இரண்டு தேனீப் பெட்டி வாங்கி வந்தான். முத்துமாலையின் வரப்பில் வைத்தான். ஊர் கூடி நின்று பார்த்தது. தேனீக்கள் கிளம்பின. கத்தரிக்கு மேலாகப் பறந்து தென்னம்பாளைக்குப் போயின.

"ஏலே ஜெய்சன், ஒன் தேனீ தென்ன ஏறுது" என்றான் முத்துமாலை. "கள்ளு எறக்கித் தருமால?"

"கத்தரிப் பூவுல தேன் கெடையாதுல்லா அண்ணாச்சி. அதான் போவ மாட்டேங்கு."

"அப்ப இத்தன வருசம் எது வந்துச்சு?"

ஜெய்சனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எலியேசருக்கு அந்தக் கணம் தெரிந்துவிட்டது. காதுக்குத் தெரிந்தது. பாக்கியவதியின் செடிகளுக்கு நடுவே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்த காலைகளில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார், எரிச்சலோடு கேட்டிருக்கிறார். கருவண்டு பறந்து வரும்போது ஒரு சுருதி. கத்தரிப் பூவைக் கட்டிப் பிடித்துத் தொங்கும்போது சுருதி விர்ரென்று ஏறும். வண்டு போன பிறகு பேப்பரில் மஞ்சள் தூள் கிடக்கும்.

வீட்டுக்கு வந்து ஒரு பூவைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தார். மூடிய மஞ்சள் குழல்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசித் துளை. மூடியில் துளை போட்ட உப்பு டப்பா போலத்தான். உலுக்கினால் கொட்டும். காற்றும் கொஞ்சம் உலுக்கும். ஆனால் ஆடியோடு காற்று போய்விட்டது. உலுக்கத் தெரிந்தவற்றை அவர் தகரம் அடித்தும் சிமெண்ட் பூசியும் அனுப்பிவிட்டார்.

முத்துமாலையைப் பற்றி அவர் வருத்தப்படாமல் இல்லை. ஆனால் பயந்தது பாக்கியவதியை நினைத்து.

அறுப்பின் பண்டிகையில் ஒவ்வொரு வீடும் முதற்பலனைக் கொண்டுவந்து வைக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஏலத்தில் முதலில் தூக்குவது பாக்கியவதியின் வெள்ளைக் கத்தரிக் கூடையை. பல வருடமாக அதுதான் வழக்கம். இந்த வருடம் கூடை காலி என்றால் அவள் ஏன் என்று கேட்பாள். அறிவியல் டீச்சர். ஏன் என்று கேட்டால் பதில் கிடைக்கும்வரை உட்கார மாட்டாள். பதிலோ உத்தரத்தில் தகரமாகப் பளபளக்கிறது. தகரத்தைப் பிடுங்கலாம். பிடுங்கினால் வண்டு வரும். கிறிஸ்துமஸ் பாட்டில் அத்தனை பேரும் மூச்சடக்கிப் பாடும் ஓர் இடம் இருக்கிறது. வண்டு அங்கே வந்து நிற்கும்.

ஆகவே இசைக்கவை.

ஒரு வாரத்தில் பிஞ்சு தெரிந்தது. பாக்கியவதி செடியைத் தூக்கிப் பார்த்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஊரில் வேறு எங்கும் இல்லை, அவர்கள் தோட்டத்தில் மட்டும் காய். பெண்கள் வேலி வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"டீச்சர், என்ன போட்டிய?"

"மீன் கழுவுன தண்ணி ஊத்துனேன். வேற ஒண்ணும் செய்யல."

முத்துமாலையும் மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினான். பூனைகள் வந்தன.

வெள்ளிக்கிழமை பாட்டுப் பயிற்சி. எலியேசர் இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார். பெண்கள் வரிசையில் எதிரே நின்ற பாக்கியவதி பாட்டுப் புத்தகத்துக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியில் கேட்டாள்.

"காதுல என்ன, சந்தனமா? எந்தக் கல்யாணத்துக்குப் போனிய?"

எலியேசர் காதைத் தடவினார். விரலில் மஞ்சள்.

"தூசி."

"தூசி மஞ்சளாவா இருக்கும்?"

"கோயில் தூசி. பழைய மரம்லா."

"ம்" என்றாள் பாக்கியவதி.

அந்த "ம்" பள்ளிக்கூடத்தில் பிரசித்தம். அதைக் கேட்டதும் கடைசி பெஞ்சில் தானாக எழுந்து நின்றவர்கள் இன்றைக்கு நல்ல நல்ல வேலையில் இருக்கிறார்கள். எலியேசர் எழுந்து நிற்கவில்லை. வேகமாக நடந்தார்.

திங்கட்கிழமை அவள் மூக்குக்கண்ணாடியை மேஜையில் மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். எலியேசர் தோட்ட வேலை முடித்துக் கை கழுவிவிட்டு வந்தபோது மேஜையில் கண்ணாடி இல்லை. அதை அவர் யோசித்துப் பார்த்திருக்கலாம். பசித்தது, சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

பண்டிகைக்கு முந்திய நாள் குருவானவர் வீட்டுக்கே வந்தார். ஊரெல்லாம் உதிர்ந்தபோது ஒரு தோட்டத்தில் மட்டும் காய்த்திருக்கிறது, டீச்சர் ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார். அவர் போனதும் எலியேசர் தொண்டையைச் செருமினார்.

"கத்தரிக்காய்க்கெல்லாமா சாட்சி சொல்லுவாவ?"

"ஏன், கர்த்தர் செஞ்ச நன்மைய ஒளிச்சு வைக்கச் சொல்லுதியளா?"

"அதுக்கில்ல. ஆளுக சிரிப்பாவ."

"சிரிக்கட்டும். சிரிச்சுட்டுப் போறாவ."

ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்தில் வாழைத்தார், நெல்லுக்கட்டு, இளநீர்க் குலை, கால் கட்டிய சேவல். நடுவே வெள்ளைக் கத்தரிக் கூடை. தென்னைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் வாய்க்கால் தாண்டியும் கேட்கும். பாக்கியவதி மைக்கைப் பிடித்தாள்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். எங்க தோட்டத்துல மட்டும் ஏன் காய் பிடிச்சுதுன்னு எல்லாரும் கேக்குறிய. மீன் தண்ணின்னு சொன்னேன். அது தப்பு. கர்த்தர் எங்க தோட்டத்துக்கு ஒரு வண்ட அனுப்புனாரு."

சபை நிமிர்ந்தது. எலியேசர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"லேசுப்பட்ட வண்டு இல்ல. ஆள் ஒசரம் இருக்கும். தலையில முடி கெடையாது. நான் பள்ளிக்கூடம் போறத ஒளிஞ்சிருந்து பாத்துட்டு, பொறவுதான் வரும். கைலிய மடிச்சுக் கட்டியிருக்கும். முழங்கால்ல ஒரு தட்டு தட்டும். தட்டிட்டுப் பாடும். ஒவ்வொரு பூவுக்காக் குனிஞ்சு குனிஞ்சு பாடும்."

பெண்கள் பக்கம் யாரோ தும்மினார்கள். தும்மல் இல்லை, சிரிப்பு.

"கல்யாணமாயி முப்பது வருசத்துக்கு மேல ஆவுது. எனக்கு ஒரு தடவகூட அது பாடுனதில்ல."

குருவானவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எலியேசருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேலே பார்த்தார். அது தப்பாகப் போயிற்று. அவர் பார்த்த இடத்தைச் சபை முழுக்க அண்ணாந்து பார்த்தது. உத்தரத்தில் தகரத் துண்டுகள் வரிசையாகப் பளபளத்தன.

"ஊரு வண்டையெல்லாம் அனுப்பிட்டு இந்த ஒத்த வண்டு எல்லாத்துக்கும் மாரடிக்குது" என்றாள் பாக்கியவதி. "அதுக்கு நல்ல சுகம் குடுக்கணும்னு ஜெபிச்சுக்கிடுங்க."

அடுத்து குழு பாட வேண்டும். சுருதி இல்லாமல் பாட முடியாது. எலியேசர் இசைக்கவையை எடுத்தார். அதை எங்கே தட்டுவது என்று ஒரு கணம் தயங்கினார். மேஜையில் தட்டலாம். தட்டினால் மேஜை விரிப்பில் சத்தம் அமுங்கிவிடும். வேறு வழியில்லை. முழங்காலில் தட்டினார்.

சபை வாய்விட்டுச் சிரித்தது. குழு பாட ஆரம்பிக்க வெகுநேரம் ஆயிற்று.

வெளியே பந்தலில் ஏலம். கத்தரிக் கூடையை முதலில் தூக்கினார்கள். அதற்குள் முத்துமாலை வரப்பு மண்ணோடு பந்தலுக்குள் நுழைந்து நேராகப் பாக்கியவதியிடம் வந்தான்.

"டீச்சர், குழாய்ல கேட்டேன். அந்த வண்டு நம்ம தோட்டத்துக்கும் வருமா?"

அவன் எலியேசரைப் பார்க்கவே இல்லை. மரியாதைதான்.

"ஒரு ஏக்கருக்கு ஒத்த வண்டு என்ன செய்யும் முத்துமாலை? அதுக்கு மூட்டு வலி வேற."

"அப்போ?"

"பழைய வண்டுக வரணும். கருவண்டு, சுவத்துல இருந்த நீல வண்டு, எல்லாந்தான். வீட்ட அடச்சுட்டு வா வான்னா எங்கன வந்து இருக்கும்?"

ஏலம் விடுகிறவர் நிறுத்திவிட்டார். கூடை அவர் தலைக்கு மேலே நின்றது. எல்லோரும் எலியேசரைப் பார்த்தார்கள். இப்போது முத்துமாலையும் பார்த்தான். பந்தக்காலில் எங்கிருந்தோ வந்த ஒரு கருவண்டு மோதி, சுற்றி, மூங்கிலின் முனையை மோந்து பார்த்தது. அரைச் சுரம் இறங்கித்தான் பாடியது.

"கிறிஸ்துமஸ் மட்டும் முடிஞ்சுரட்டுமே" என்றார் எலியேசர், பைய.

பாக்கியவதி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"ஏணி கோயிலுக்குப் பின்னாலதான் கெடக்கு. நாறும்பூநாதனுக்கு ஆள் அனுப்பணுமா, இல்ல வண்டே ஏறிக்கிடுமா?"